கை தூக்காதவர்கள் வைத்த பெயர்

நிலப்பெயர் வாரியத்தின் கூட்டத்துக்கு வருகிறவர்கள் வலது கையைக் கம்பளித் துணியில் தடிமனாகச் சுற்றிக்கொண்டு வருவார்கள். குளிருக்காக அல்ல, விதி அப்படி.

ஒரு மலைக்கோ தீவுக்கோ வாரியம் பெயர் வைப்பதென்றால் ஒருமனதாக வைக்க வேண்டும். எதிர்க்கிறவர் வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க வேண்டும். தூக்காத கை சம்மதித்த கை. இதை எழுதிய புண்ணியவான் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பார். ஆனால் முதல் வருஷமே உறுப்பினர்களுக்கு ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டது. ஒருவரைப் பேசிச் சம்மதிக்க வைக்க மூன்று நாள் ஆகிறது, கையை உடைக்க மூன்று நொடி போதும். அதற்கப்புறம் வாரியத்தில் எந்த விஷயமும் அநாவசியமாக இழுத்துக்கொண்டு கிடந்ததில்லை. கூட்ட அறையின் மூலையில் மாவுக்கட்டுக்காரர் ஒருவருக்கு ஸ்டூலும் வாளியும் கொடுத்து நிரந்தரமாக உட்கார வைத்தார்கள்.

வரைவாளருக்கு இதெல்லாம் காதில் விழுந்த சங்கதிதான். அவர் அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னலோரச் சாய்வு மேசையில் வரைபடம் வரைகிறவர். மேலே கூட்டம் நடக்கும் நாட்களில் கூரை தொம் தொம்மென்று அதிரும், சுண்ணாம்பு உதிர்ந்து தாளில் விழும். அவர் அதை ஊதித் தள்ளிவிட்டு வேலையைப் பார்ப்பார். கொஞ்ச நேரத்தில் ஒரு துண்டுச் சீட்டு இறங்கி வரும். அதிலுள்ள பெயரை மையால் வரைபடத்தில் ஏற்றுவார். பதினெட்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. மனுஷன் இடது கைக்காரர். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அந்தக் கையை ஸ்கேலால் அடித்து அடித்து ஓய்ந்துபோனார், கை ஓயவில்லை. வலது கைக்கு இன்றுவரை தாளைப் பிடித்துக்கொள்ளத்தான் தெரியும்.

அவர் வரைந்த உலகத்தில் ஒரே ஒரு இடம் வெள்ளையாகக் கிடந்தது. பூமியின் அடிக்கோடியில், பனிக் கண்டத்தில். ஒரு காலத்தில் நாடுகள் எல்லாம் சேர்ந்து அந்தக் கண்டத்தைக் கேக் மாதிரி துண்டு போட்டு ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டபோது, இந்தத் துண்டை மட்டும் ஒருவரும் தொடவில்லை. காரணம் இருந்தது. கப்பல் கிட்டே நெருங்க முடியாது, கடலே கல்லாகக் கிடக்கும். மலைகள் உண்டு, ஆனால் ஐஸுக்கு அடியில் புதைந்திருக்கின்றன. பறவை இல்லை, பாசி இல்லை, எட்டிப் பார்க்க ஒரு ஈ இல்லை. காற்று மட்டும் வருஷம் முழுக்க ஓயாமல் வீசும். யாருக்கும் வேண்டாத நிலத்துக்கு யார் மெனக்கெட்டுப் பெயர் வைப்பார்கள்? அலுவலகத்தில் அதை ‘அந்த வெள்ளை’ என்று சொல்லி விட்டுவிடுவார்கள்.

அந்த வெள்ளையில்தான் வரைவாளரின் மச்சினன் மாட்டிக்கொண்டான். மனைவியின் ஒரே தம்பி, ஜெனரேட்டர் மெக்கானிக். ஐஸின் ஆழத்தை அளக்கப் போன குழுவோடு போனவன். ஒரு நாள் காற்று ஜெனரேட்டர் கொட்டகையை அப்படியே பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. இப்போது நான்கு பேர் ஒரு தகர அறையில், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எண்ணெய் பதினேழாம் தேதி வரை வரும்.

மீட்பு விமானம் இல்லாமல் இல்லை. பெயருள்ள கடைசி முனையில் சறுக்குக் கட்டைகளோடு அது தயாராக நின்றது, ஓட்டுகிறவரும் கையுறை மாட்டிக்கொண்டு தயாராக இருந்தார். இங்கிருந்து வயர்லெஸ்ஸில் உத்தரவு போனால் ஆறு மணி நேரத்தில் போய்த் தூக்கிவிடலாம். உத்தரவுப் படிவத்தில் ‘செல்லும் இடம்’ என்று ஒரு கட்டம் இருந்ததுதான் வினை. அனுப்புகைப் பிரிவின் அக்கா மற்ற கட்டங்களையெல்லாம் நிரப்பி, பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“அட்சரேகை, தீர்க்கரேகை ரெண்டும் இருக்கேக்கா. அதைப் போட்டு அனுப்பக் கூடாதா?” என்று வரைவாளர் கெஞ்சினார்.

“அது நம்பர். நம்பர் இடமாகாது. உங்க வீட்டுக்கும்தான் நம்பர் இருக்கு, அதுக்காக அது ஊராயிடுமா?”

“அப்போ அவங்க மட்டும் எப்படிப் போனாங்க?”

“அவங்க போனது பேர் இருக்கிற இடத்துக்கு. அங்கேருந்து வண்டியில நகர்ந்து நகர்ந்து போயிட்டாங்க. நகர்ந்து போறதுக்குப் படிவம் கிடையாது. தூக்கிட்டு வர்றதுக்கு உண்டு. நான் என்ன பண்ணட்டும் சொல்லுங்க, எனக்கு மட்டும் தம்பி இல்லையா?”

வீட்டில் மனைவி காலையிலேயே தம்பியின் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவன் விட்டுவிட்டுப் போன ஐந்து சட்டைகள். நேற்றும் அதே ஐந்தைத்தான் போட்டாள்.

“அஞ்சு பேர் உட்கார்ந்து ஒரு பேர் வைக்க எத்தனை நாளுங்க ஆகும்? எங்கம்மா ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டே அவனுக்கு அரை நிமிஷத்துல வச்சா.”

“ஒருமனதா வைக்கணும்மா.”

“எங்கப்பாவுக்குப் பிடிக்கவே இல்ல. வச்சா இல்ல?” அவள் இஸ்திரிப் பெட்டியை அழுத்தினாள். “மேல போய் நில்லுங்க. கையைக் காலைப் பிடிங்க. அவனை நான்தான் இடுப்புல தூக்கி வளர்த்தேன். அவன் வரலைன்னா...” என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, காலர் பக்கம் திரும்பிவிட்டாள்.

அவள் சொல்லி அவர் போகவில்லை, செயலாளரே கூப்பிட்டு அனுப்பினார். அவசர விஷயம் என்பதால், பெயர் முடிவான அந்த நிமிஷமே மை ஏற்ற வசதியாக வரைவாளர் வரைபடத்தோடு மேலேயே இருக்க வேண்டுமாம்.

பன்னிரண்டாம் தேதி காலை அவர் முதல்முறையாக அந்த அறைக்குள் நுழைந்தார். நீள மேசை, ஐந்து நாற்காலிகள், மூலையில் வாளியோடு மாவுக்கட்டுக்காரர். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் வாரியத்தின் மூன்று விதிகள். அவற்றை அழகான எழுத்தில் எழுதிக் கொடுத்ததே வரைவாளர்தான். ஒன்று, பெயர் ஒருமனதாக வைக்கப்பட வேண்டும், தூக்காத வலது கை சம்மதித்த கை. இரண்டு, ஆள் பெயர் வைப்பதானால் இறந்தவர் பெயரைத்தான் வைக்க வேண்டும். மூன்று, மை ஏறிய வரைபடத்தைத் திருத்தக் கூடாது, வரைபடமும் உலகமும் ஒத்துப்போகவில்லை என்றால் உலகத்தைத்தான் திருத்த வேண்டும்.

மூன்றாவது விதி சும்மா வந்ததல்ல. முன்பிருந்த வரைவாளர் ஒரு நாள் தும்மியதில் பஸ் ஸ்டாண்டு மேல் நீல மைச் சொட்டு விழுந்துவிட்டது. வாரியம் ஆள் விட்டு, இயந்திரம் விட்டு, பஸ் ஸ்டாண்டைத் தோண்டி ஏரியாக்கியது. தோண்டும்போது நகர மாட்டேன் என்று பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏழு பயணிகள் இன்றும் அந்த ஏரிக்கு அடியில்தான் இருக்கிறார்கள்.

தலைவர் நடுநாற்காலியில் இருந்தார். சிறைத்துறையில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஐந்து பேரில் அவருடைய வலது கை மட்டும் ஒருமுறைகூட உடைந்ததில்லை, ஏனென்றால் அந்தக் கையில் எப்போதும் ஒரு மீட்டர் நீள இரும்பு ஸ்கேல் இருந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் தன் மேசையிலிருந்து காணாமல்போன ஸ்கேல் அதுதான் என்பது வரைவாளருக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. கேட்கவா முடியும்?

“உட்காருங்க தம்பி, விருந்தாளி மாதிரி நிக்காதீங்க,” என்றார் தலைவர். பிறகு சபையைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். “பேர் வைக்கிறதுன்னா என்ன? இல்லாததை இருக்க வைக்கிறது. அந்தக் குளிர்ல போய் விறைக்கிறது பெரிய விஷயமில்ல, அதை ஒரு ஆடுகூடச் செய்யும். இங்கே கணப்புப் பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு, அந்த இடம் யாருன்னு முடிவு பண்றோமே, அதுக்குத்தான் நெஞ்சுரம் வேணும்.” எல்லோரும் மேசையைத் தட்டினார்கள்.

முதலில் பேசியது அம்மையார். வரலாற்று ஆய்வாளர், பருத்த கைகள், முன்னால் கண்ணாடிக் காகித எடை. “காலமான என் வீட்டுக்காரர் பேரை வைக்கணும். அந்த இடத்தோட குணத்தைப் படிச்சுப் பார்த்தேன். ஜில்லுன்னு கிடக்கும், பேச்சு மூச்சு இருக்காது, எவ்வளவு தோண்டினாலும் உள்ளே என்ன இருக்குன்னு தெரியாது. யாருக்கும் வேண்டாதது. முப்பது வருஷம் கூட இருந்தேன், அவரேதான்.”

முன்னாள் மாலுமி எழுந்தார். பனிக் கடலில் தன்னோடு வந்து செத்துப்போன நாயின் பெயரை வைக்கச் சொன்னார். விதியில் இறந்தவர் என்றுதானே இருக்கிறது, மனுஷர் என்று எங்கே இருக்கிறது என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பேராசிரியர் சிரித்தார். சிரித்த வாயில் மாலுமி ஒரு குத்து விட்டார்.

அதன்பிறகு நடந்ததை வரைவாளரால் வரிசையாகச் சொல்ல முடியாது. அம்மையார் காகித எடையை எடுத்து மாலுமியின் வலது முழங்கையில் இறக்கினார். கரும்பு முறிகிற சத்தம் கேட்டது. மாலுமி கால் மாற்றி நின்று, நாற்காலிக் காலை இடது கையால் பிடுங்கி, அதைக் கொண்டு அம்மையாரின் மணிக்கட்டைத் தேடித் தேடி அடித்தார். பேராசிரியர் மேசைக்கு அடியில் தவழ்ந்து போய், கிடைத்த முட்டியையெல்லாம் கடித்தார். மேசையில் ரத்தம் ஓடி வரைபடத்தை நெருங்கியது. வரைவாளர் பதறிப்போய் அதைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டார். ஐந்தாவது உறுப்பினரான செயலாளர் மட்டும், என்றோ உடைந்து கூடாமல்போன வலது கையை மடியில் போட்டுக்கொண்டு, இடது கையால் அசையாமல் நடவடிக்கைக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தபோது தெரிந்தது: ‘ஆரோக்கியமான கருத்துப் பரிமாற்றம் நடைபெற்றது. பேராசிரியர் தம் தரப்பில் இரண்டு பற்களை முன்வைத்தார்.’

அன்று சாயங்காலத்துக்குள் அம்மையாருக்கும் மாலுமிக்கும் வலது கை போய்விட்டது. தலைவர் தன் தகப்பனார் பெயரை முன்மொழிந்தார். ஸ்கேலை ஓங்கிக்கொண்டு பேராசிரியரிடம் வந்தபோது மணி ஐந்தடித்தது. ஐந்து மணிக்கு மேல் கூட்டம் நடத்த விதியில் இடமில்லை. எல்லோரும் ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள்.

மறுநாள் பேராசிரியர் கதவில் தலைகுனிந்து, பக்கவாட்டில் திரும்பித்தான் உள்ளே வர முடிந்தது. ராத்திரியோடு ராத்திரியாக, உடையாத வலது கைக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். கை நேராக, வானத்தைப் பார்த்து, கொடிக்கம்பம் மாதிரி நின்றது.

“என்ன இது?” என்றார் தலைவர்.

“எதிர்ப்பு,” என்றார் பேராசிரியர். “நிரந்தரமானது.”

சபை ஸ்தம்பித்துப்போனது. தலைவரின் தகப்பனார் பெயருக்கு எதிர்ப்பு. அம்மையாரின் புருஷனுக்கு எதிர்ப்பு. நாய்க்கு எதிர்ப்பு. டீ கொண்டுவரலாமா என்று கேட்டதற்கும் எதிர்ப்புப் பதிவானதால் அன்று யாருக்கும் டீ வரவில்லை. பேராசிரியரே தன் செத்துப்போன குருநாதர் பெயரை முன்மொழிந்தார், அதற்கும் அவர் கை மேலேயே நின்றது. தன்னையே எதிர்த்துக்கொண்டு மத்தியானம் வரை வாதாடினார்.

சாப்பாட்டு இடைவேளையில் வரைவாளர் வயர்லெஸ் அறைக்கு ஓடினார். மச்சினனின் குரல் கரகரவென்று வந்தது.

“மாமா, பேர் வச்சாச்சா?”

“வச்சுக்கிட்டே இருக்காங்க மாப்ள. எப்படிடா இருக்கே?”

“காத்துதான் மாமா. கதவைத் திறந்தா கேட்காம உள்ளே வந்து உட்கார்ந்துக்குது. ராத்திரி நாலு பேரும் ஒருத்தர் கால் ஒருத்தர் அக்குள்ல வச்சுக்கிட்டுப் படுக்கறோம். என் கால்ல ரெண்டு விரல் கறுத்துப்போச்சு, அக்காகிட்ட சொல்லாதீங்க.” இரைச்சலுக்கு நடுவே சிரித்தான். “இந்த இடத்துக்கு நாங்க நாலு பேரும் ஒருமனதா ஒரு பேர் வச்சுட்டோம் மாமா. ஆனா வயர்லெஸ்ல சொன்னா லைசென்ஸைப் புடுங்கிடுவாங்க.”

வரைவாளருக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு மேலே வந்தார். அங்கே அதற்குள் செயலாளர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். விதியில் ‘தோளுக்கு மேலே’ என்று இருக்கிறது. ஆள் நின்றால்தான் கை தோளுக்கு மேலே. ஆள் படுத்துவிட்டால் கை தோளுக்குப் பக்கத்தில்தானே?

பேராசிரியரை மாடிப்படியில் தள்ளினார்கள். முதல் முறை நடுப்படியில் உட்கார்ந்துகொண்டார், கை மேலேயே இருந்தது. திரும்பத் தூக்கிவந்து தள்ளினார்கள். மூன்றாம் முறை தலை கைப்பிடியில் மோதி, விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. காதில் ரத்தம் கசிந்தது, கை தரையோடு தரையாக நீண்டு கிடந்தது. “எதிர்ப்பு நீங்கியது,” என்று செயலாளர் எழுதினார். ஆனால் பேராசிரியரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் இன்னொன்று உறைத்தது. ஐந்து பேர் இல்லாவிட்டால் கூட்டம் செல்லாது. இருப்பது நான்கு.

பதினான்காம் தேதி காலை, செயலாளர் வரைவாளரைப் பார்த்து ஐந்தாவது நாற்காலியைக் காட்டினார். “தற்காலிக உறுப்பினர்” என்றார். நாற்காலியில் பேராசிரியரின் ரத்தம் காய்ந்திருந்தது. வரைவாளர் கைக்குட்டையைப் போட்டு அதன்மேல் நுனியில் உட்கார்ந்தார்.

தலைவர் அன்று உருக்கமாக இருந்தார். ஸ்கேலை மடியில் வைத்துக்கொண்டு, “அங்கே மாட்டியிருக்கிற மெக்கானிக் உங்களுக்கு என்ன வேணும் தம்பி?” என்று கேட்டார்.

“மச்சினன் ஐயா. சம்சாரத்தோட தம்பி. அவதான் தூக்கி வளர்த்தா. இருபத்தொன்பது வயசு. தங்கமான பையன் ஐயா.”

தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நாம எல்லாம் நம்ம அப்பன், புருஷன், நாய்னு அடிச்சுக்கிட்டோம். வெட்கமா இருக்கு. அந்த மண்ணுல நிஜமாவே கால் வச்ச ஒரு சாதாரணத் தொழிலாளி இருக்கான். அவன் பேரை வைப்போம். சரித்திரம் நம்மை வாழ்த்தும்.”

அம்மையார் விம்மினார். மாலுமிகூடத் தலையாட்டினார். தூக்க முடிந்த கை அவர்கள் யாரிடமும் இல்லை என்பது ஒரு பக்கம், உண்மையிலேயே எல்லோருக்கும் மனசு இளகிவிட்டது. வரைவாளர் எழுந்து தலைவரின் காலைத் தொடப் போனார். இந்த மனுஷனைப் போய்த் தப்பாக நினைத்தோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார். “கீழே ஓடிப்போய் விமானத்துக்குச் சொல்லிடட்டுமா ஐயா?” என்றார்.

“எதுக்கு அவசரம்?” என்றார் தலைவர்.

செயலாளர் பேனாவால் சுவரைக் காட்டினார். கண்ணாடிச் சட்டத்தில், வரைவாளரின் சொந்த எழுத்தில், இரண்டாவது விதி.

“எண்ணெய் பதினேழு வரைக்கும்தானே?” தலைவர் கனிவாகவே பேசினார். “குளிர்ல அதுக்கப்புறம் ஒரு நாள் தாங்கும். ரெண்டு நாள்னே வச்சுக்குவோம். இருபதாம் தேதி காலையில முறைப்படி பேர் வச்சு, விமானத்தை அனுப்பிடலாம். நாலு பெட்டியும் சேர்த்தே அனுப்பச் சொல்றேன், திரும்பத் திரும்ப அலைய வேண்டாம். உங்க சம்சாரத்துக்கு எவ்வளவு பெருமை, நினைச்சுப் பாருங்க! ஒரு பையனைக் குடுத்துட்டு, ஒரு நாடு அளவு நிலத்தை வாங்கிக்கறாங்க.”

வரைவாளருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவர் வாழ்க்கையில் யாரையும் எதிர்த்துப் பேசியதில்லை. பஸ்ஸில் காலை மிதித்தவரிடம்கூட இவர்தான் மன்னிப்புக் கேட்பார். அப்படிப்பட்டவர், தாளைப் பிடிக்க மட்டுமே தெரிந்த தன் வலது கையைத் தோளுக்கு மேலே தூக்கினார்.

அறையில் யாரும் கோபப்படவில்லை. மாலுமி எழுந்து பின்னால் வந்து, இரண்டு தொடைகளாலும் அவர் நாற்காலியை அணைத்துப் பிடித்துக்கொண்டார். அம்மையார் இடது கையால் அவர் விரல்களைப் பிடித்து, முழங்கையை மேசை விளிம்பில் வாகாக வைத்தார். “முகத்தைத் திருப்பிக்கோங்க, பார்த்தா வலி அதிகமாத் தெரியும்” என்று தாயாகச் சொன்னார். தலைவர் சுற்றிவந்து ஸ்கேலை ஓங்கினார். முதல் அடியில் தோல் கிழிந்தது. இரண்டாவதில் எலும்பு தெரிந்தது. மூன்றாவதில் கை அவர் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. ஆறு வருஷம் தேடிய ஸ்கேல் என்பது அந்த நேரத்திலும் அவருக்கு ஞாபகம் வந்தது.

“ஒருமனதாக,” என்று எழுதினார் செயலாளர்.

மாவுக்கட்டுக்காரர் வாளியோடு வந்து குனிந்தார். சுற்றிக்கொண்டே, “அழுதுடுங்க சார். முதல் தடவை எல்லாரும் அழுவாங்க” என்று காதோரம் சொன்னார். வரைவாளர் அழவில்லை.

தலைவர் ஸ்கேலைத் துடைத்தபடி, “பேரை இப்பவே ஏத்தி, காய வச்சுடுங்க. அறிவிப்பு இருபதாம் தேதி பண்ணிக்கலாம். எழுத முடியுமா தம்பி?” என்றார்.

“முடியும் ஐயா.”

கீழ்த்தளத்துக்கு வந்து வரைபடத்தை விரித்தார். தாளைப் பிடித்துக்கொள்ளக் கை இல்லை, ஓரங்களில் மைப்புட்டிகளை வைத்தார். இடது கையில் பேனாவை எடுத்தார். மச்சினனின் பெயரை எழுத வேண்டும். எழுதவே முடியவில்லை. மனைவியின் இஸ்திரிப் பெட்டி கண்ணுக்கு முன்னால் ஐந்து சட்டைகள் மேலும் போய்ப் போய் வந்தது. அவருக்கு அப்போது வந்தது கோபம்தான். நாற்பத்தெட்டு வருஷமாக வராத கோபம் மொத்தமும் அந்தக் கையில் இறங்கியது. பதினெட்டு வருஷமாக ஒவ்வொரு வரைபடத்தின் மூலையிலும் அந்தக் கை எழுதிப் பழகிய பெயர் ஒன்று இருந்தது. வெள்ளையின் நடுவில், பெரிய எழுத்தில், பட்டங்கள் இரண்டையும் சேர்த்து, தலைவரின் பெயரை எழுதினார். ஊதிக் காயவைத்தார்.

அனுப்புகைப் பிரிவின் அக்கா வரைபடத்தைப் பார்த்தாள். அவர் மாவுக்கட்டைப் பார்த்தாள். கட்டத்தில் பெயரை எழுதி வயர்லெஸ் அறைக்குக் கொடுத்தாள். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது: விமானம் கிளம்பியாயிற்று.

முத்திரை வாங்க வரைவாளர் வரைபடத்தோடு மேலே போனார். செயலாளர் வாங்கிப் படித்தார். இன்னொரு முறை படித்தார். பிறகு எழுந்து நின்று, தலைவரைப் பார்த்துத் தலைகுனிந்தார்.

“ஐயா, ஆழ்ந்த அனுதாபங்கள்.”

“யாருக்கு?”

“நீங்க காலமாயிட்டீங்க ஐயா. வரைபடத்துல இருக்கு.”

தலைவர் பிடுங்கிப் பார்த்தார். “சுரண்டு! பிளேடு எடுத்துச் சுரண்டித் தள்ளு!”

“மை ஏறினதைத் திருத்தக் கூடாது ஐயா. பஸ் ஸ்டாண்டு விஷயத்துல நீங்களே எழுதின விதி. உலகத்தைத்தான் திருத்தணும்.”

“எதிர்க்கிறேன்!” தலைவர் ஸ்கேலோடு வலது கையைத் தூக்கினார். உறுப்பினர்களில் மிஞ்சியிருந்த ஒரே முழு வலது கை.

“இறந்தவங்களுக்கு ஓட்டு இல்லையே ஐயா,” என்றார் செயலாளர். அவர் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது.

அம்மையார் இடது கையில் காகித எடையை எடுத்தார். மாலுமி போய்க் கதவைக் காலால் சாத்தினார். மாவுக்கட்டுக்காரர் நடப்பதைப் பார்த்துவிட்டு, “இனிமே எனக்கு வேலையில்ல” என்று வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார். தலைவர் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டினார். விதிச் சட்டத்தின் கண்ணாடி அவர் முதுகில் நொறுங்கியது. அப்போதுதான் அவர் கண் வரைவாளர் மேல் விழுந்தது.

“தம்பி! தப்பா எழுதிட்டேன்னு சொல்லுங்க தம்பி! ஒரு வார்த்தை! மச்சினன் பேரைத்தான் எழுத வந்தேன், கை வலியில தப்பாயிடுச்சுன்னு சொல்லுங்க. எனக்கும் பிள்ளைங்க இருக்கு!”

எல்லோரும் திரும்பி வரைவாளரைப் பார்த்தார்கள். உண்மையிலேயே காத்திருந்தார்கள். வரைவாளரே பிழை என்று சொன்னால் பெயர் செல்லாது. பெயர் செல்லாவிட்டால் உத்தரவு செல்லாது. வயர்லெஸ்ஸில் ஒரு வரி போதும், பாதி வழியில் விமானம் திரும்பிவிடும். வரைவாளர் கடிகாரத்தைப் பார்த்தார். கிளம்பி இருபது நிமிஷம்தான் ஆகியிருந்தது.

“தப்பு இல்லைங்க ஐயா,” என்றார்.

அவர் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. பழகிய தொம் தொம் சத்தம்தான். இத்தனை வருஷம் கூரையிலிருந்து கேட்டது, இன்று பக்கத்திலிருந்து. நடுவில் ஒருமுறை இரும்பு ஸ்கேல் தரையில் விழுந்து கணகணக்கும் ஓசை, பிறகு யாரோ அதை எடுத்த ஓசை. சத்தம் நின்றபோது அவருக்குப் பயமாக இருந்தது, அதைவிட நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருந்ததை நினைத்துத்தான் வெட்கமாக இருந்தது. நடவடிக்கைக் குறிப்பில் ஒரே வரி: ‘தலைவர் வரைபடத்துக்கு இணங்கினார்.’

மாதம் முடிவதற்குள் மச்சினன் வந்து சேர்ந்தான். இரண்டு கால்விரல்கள் இல்லை, மூக்கில் தோல் உரிந்திருந்தது. மற்றபடி முழுசாக இருந்தான். அவன் அக்கா அவனை வாசலிலேயே கட்டிக்கொண்டு அழுதாள், பிறகு செல்லமாக முதுகில் நான்கு போட்டாள். அதே வாரம் வரைவாளரை வாரியத்தின் நிரந்தர உறுப்பினராக நியமித்து ஆணை வந்தது. ஆணையோடு ஒரு கம்பளித் துணியும் வந்தது.

கூடத்துச் சுவரில் புதிதாக அச்சான உலக வரைபடம் தொங்கியது. இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு மச்சினன் அதன் அடிப்பக்கம் குனிந்து பார்த்தான்.

“யாரு மாமா இவரு? நாங்க விறைச்சுக் கிடந்த இடத்துக்கு இவர் பேரா?”

“எங்க தலைவர்.”

“அங்கே வந்திருக்காரா?”

“இல்ல.”

“செத்தவங்க பேரைத்தானே வைப்பீங்க. எப்ப செத்தாரு?”

வரைவாளர் மாவுக்கட்டை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

“பேர் வச்சப்புறம்,” என்றார்.

மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான். மாமா இப்படிக் கேலி பேசி அவன் கேட்டதே இல்லை. அக்கா சிரிக்கவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, புருஷனின் இடது கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.